மூணு சக்கரத்துல மலை ஏறினோம்

என் வாழ்க்கையில பாதிய நான் பின்சீட்டுல உக்காந்துதான் பாத்திருக்கேன். கொறையா சொல்லல. எங்க வூட்டுக்காரரு முதுகு ஒரு பாதிய மறைக்கும், மிச்சப் பாதி எனக்கு. அந்தப் பாதியே எனக்குத் தாராளமா இருந்துது.

அவரு எனக்கு மாமா புள்ள. அதனால கல்யாணத்துக்கு முன்னாடியும் பாவா, பின்னாடியும் பாவா. திருத்தணிக்குக் கிட்டக்க எங்களுக்குக் கொஞ்சம் நெலம் இருக்குது, கரும்பும் வேர்க்கடலையும் போடுவோம். கரும்பு நல்லா வந்த ஒரு வருஷம், மாடியில ஒரு ரூம்பு எடுக்கலாம்னு நான் மனசுல கட்டிடமே கட்டி முடிச்சிட்டேன். இந்த மனுஷன் மெட்ராஸுக்குப் போயி ஒரு பெரிய வண்டிய வாங்கி, தானே ஓட்டிகினு வந்து வாசல்ல நிறுத்தறாரு. தூரப் பயணத்துக்குன்னே செய்யற வண்டியாம். காத்து மொகத்துல அடிக்காம முன்னால கண்ணாடி, ரெண்டு பக்கமும் பெட்டி, எரும முதுகு கணக்கா ஒரு டேங்கு. "இத்த எந்தக் கொட்டாயில கட்டப் போறீங்க?"ன்னு கேட்டுட்டு உள்ள போனவதான், ரெண்டு நாளு அவருகிட்ட பேசல.

மூணாவது நாளு ஏறி உக்காந்தேன். வேற இன்னா பண்றது, ஆசையாத்தான் இருந்துது.

காளஹஸ்தி போனோம், தலக்கோனா அருவிக்குப் போனோம், ஏலகிரி, பழவேற்காடுன்னு கரும்பு வெட்டு முடிஞ்சா கெளம்பிடுவோம். ஒரு பெட்டியில அவரோட மழைக்கோட்டு, ஸ்பேனரு. இன்னொரு பெட்டி என் சமையல்கட்டு. புளிசோறு, வறுத்த கடலை, தண்ணி. ஹெல்மெட்டுக்குள்ள வெச்ச மல்லிப்பூ நசுங்கிப் போயி சாயங்காலம் வரைக்கும் தல பூரா வாசன அடிக்கும். டீக்கட கண்ட எடத்துல நிறுத்துவோம். வேட்டி கட்டின ஆளு அந்த வண்டியிலேர்ந்து எறங்கறதப் பாத்துட்டு ஜனங்க டீய கையில வெச்சுகினே நிப்பாங்க.

அந்த வண்டிக்கு ஒரு கொணம் உண்டு. ஓடறப்போ கனமே தெரியாது, நின்னாத்தான் தெரியும். நிறுத்தற நேரத்துல ஒத்தக் காலுதான் அத்தினி இரும்பையும் தாங்கணும். திருப்பத்துல வேற சாயும். ஆரம்பத்துல நான் பயந்துகினு எதிர்ப்பக்கம் சாய்வேன். வண்டி தடுமாறும், அவரு கத்துவாரு. "நெல்லு மூட்ட மாதிரி உக்காரு. மூட்ட எதனா பண்ணுதா? நீயும் எதுவும் பண்ணாத." அப்படியே பழகிட்டேன். நல்ல மூட்டன்னு பேரும் வாங்கினேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பம்ப்செட்டுப் படியில பாசி வழுக்கி விழுந்தாரு. வலப்பக்க இடுப்பு எலும்பு போச்சு. ஆஸ்பத்திரியில கம்பி வெச்சு சேத்தாங்க. நடந்தாரு, கோலு புடிச்சுகினு நல்லாவே நடந்தாரு. ஆனா அந்தக் காலு நீளம் கொஞ்சம் கொறஞ்சு போச்சு, கனம் தாங்கல. யாரும் பாக்காத நேரமாப் பாத்து வண்டிய வெளிய எடுத்திருக்காரு. வாசப்படிகிட்டயே அது வலப்பக்கம் சாஞ்சுது, இவரு கால ஊணினாரு, காலு மடங்கிப் போச்சு. சத்தம் கேட்டு நான் ஓடி வந்து பாத்தா வண்டி தரையில, பெட்ரோலு ஒழுகுது, இவரு பக்கத்துல குந்திகினு அதத் தடவினு இருக்காரு. தெருவுல போனவங்க நாலு பேரு தூக்கி நிறுத்தினாங்க. அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாம உள்ள போயி படுத்துட்டாரு.

அதோட வெளிய போறத விட்டாரு. வித்துட்டு கார் வாங்கிக்கலாம்னு எங்க புள்ள போன்ல சொன்னான். இவரு "பாக்கலாம்"னாரு. நெலத்துக்குப் போகல, கடத்தெருவுக்குப் போகல. சாம்பாருல உப்பு இல்லன்னாரு, நேத்து உப்பு அதிகம்னாரு, டீவிய போட்டுட்டு செவுத்தப் பாத்தாரு. எனக்குக் கோவம் வர்றதுக்குப் பதிலா பயம் வந்துது. இந்த மனுஷன் இப்பிடியே உக்காந்து உக்காந்து ஓஞ்சிடுவாரோன்னு பயந்தேன். என் பயம் அது ஒண்ணுதான். இடுப்பு கூட இல்ல.

சித்தூரு ரோட்டுல ஒரு மெக்கானிக் இருக்காரு. சின்ன வயசுல போலியோ வந்து ஒரு காலு சூம்பினவரு, மூணு சக்கர வண்டியிலதான் வருவாரு, போவாரு. நானே போயி கேட்டேன். பெரிய வண்டிக்கும் செய்யலாம்கா, பின் சக்கரத்தக் கழட்டிட்டு அகலமா அச்சு போட்டு ரெண்டு சக்கரம் வெக்கலாம், கால் பிரேக்க கைக்குக் கொண்டாந்துடலாம்னாரு. பாவாகிட்ட சொன்னேன். வேணாம்னு சொல்வாருன்னு பாத்தா, "எப்போ தருவான்?"னு கேட்டாரு. ஆர்டிஓ ஆபீஸுக்கும் மெக்கானிக் கடைக்கும் அலைஞ்சு, எல்லாம் மொறப்படி மாத்தி, வண்டி வந்துது. பெரிய வண்டி பின்னால இப்போ ஆட்டோ அகலத்துக்கு இருந்துது.

சந்தத் திடலுல ஓட்டிப் பாத்தாரு. கெளம்பறதுக்கு முன்னாடி மெக்கானிக் ரெண்டே விஷயம் சொன்னாரு. "அண்ணா, இது சாயாது, ஹேண்டில திருப்பினாத்தான் திரும்பும். நிறுத்தறப்போ கால கீழ வெக்காதீங்க, பின் சக்கரம் மேல ஏறிடும்." இவரு "ஆங், ஆங்"னாரு.

மொதத் திருப்பத்துல உடம்ப என்னா அழகா சாச்சாரு தெரியுமா. வண்டி சாயல, நேரா போயி வேலிகாத்தான் பொதருல பூந்துது. அதுலேர்ந்து எடுத்துட்டு வந்து எங்க முன்னால நிறுத்தினாரு, உடனே வல காலு கீழ வந்துது. பின் சக்கரம் ஷூ நுனியில ஏறி எறங்கிச்சு. ஷூ போட்டிருந்தாரோ பொழச்சாரோ. திருப்பியும் போனாரு, திருப்பியும் சாஞ்சாரு. ரெண்டு சக்கரத்துல முப்பது வருஷம் ஓட்டின உடம்பு அது, புத்தி சொன்னத கேக்கவே மாட்டேன்னுது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க.

சொகமும் இல்ல. ரெண்டு சக்கரம்னா குழிக்கு ஓரமா வளச்சு எடுத்துகினு போயிடலாம். இதுல முன் சக்கரம் தப்பிச்சா பின் சக்கரம் ஒண்ணு தேடிப் போயி விழும். இவரு இடுப்பப் புடிச்சுகினு எறங்கினாரு. "இது வண்டியே இல்ல. குப்ப அள்றதுக்கு வெச்சுக்கச் சொல்லு."

என் வாயி சும்மா இருக்கலாம்ல? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு சொல்லிட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு வேணாம்னுட்டாரு. வண்டி மேல தார்ப்பாய் ஏறிச்சு.

கடலை புடுங்கி வந்த நேரம் அது. வாசல்ல காயப் போடணும், நடுவுல வண்டி கோயில் நந்தி மாதிரி நிக்குது. வானம் வேற இருட்டினு வருது. "பாவா, இத்த கொஞ்சம் நவுத்தணும்"னேன். "நாளைக்குப் பாக்கலாம்"னு உள்ளேர்ந்து சத்தம். தள்ளிப் பாத்தேன், ஒரு விரக்கட நவுரல. கடலை கெட்டுப் போயிடுமேங்கற கோவத்துல தார்ப்பாய இழுத்துப் போட்டேன், பொடவையத் தூக்கிச் சொருவினேன், ஏறி உக்காந்து சாவியத் திருப்பினேன். நான் அதுவரைக்கும் சைக்கிள் கூட ஓட்டினதில்ல. கிளச்சு எது, கியரு எதுன்னு பின்னால உக்காந்து எட்டி எட்டிப் பாத்ததுதான்.

ரெண்டு வாட்டி நின்னு போச்சு. மூணாவது வாட்டி மெல்ல கெளம்பிச்சு. முன்னால முருங்க மரம் வந்துது, ஹேண்டில திருப்பினேன், வண்டி திரும்பிச்சு. மரத்த ஒரு சுத்து சுத்தினேன். பிரேக்கப் புடிச்சேன், நின்னுது. காலு ரெண்டும் மேலயே இருந்துது, வண்டி அதுபாட்டுக்கு நின்னுகினு இருந்துது. சாயணும்னு என் உடம்புக்குத் தோணவே இல்ல. மூட்டையாட்டம் உக்காந்தே பழகினவளுக்கு எப்பிடித் தோணும்?

திரும்பிப் பாத்தா பாவா கோல ஊணிகினு வாசப்படியில நிக்கறாரு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். கோலத் தூக்கி மரத்தக் காட்டினாரு. அப்புறம் சொன்னாரு: "கிளச்ச பட்டுனு விடாத. இன்னொரு சுத்து போ."

மறுநாள்லேர்ந்து காலையில அவரே என்ன எழுப்பினாரு. திடலுக்கு வருவாரு, நடுவுல நின்னுகினு கத்துவாரு, நானும் பதிலுக்குக் கத்துவேன். "கியர மாத்து, என்ஜினு அழுவுது பாரு." "நீங்க கத்தற கத்துல நான்தான் அழுவறேன்." எல்எல்ஆர் எடுத்து, டெஸ்ட்டு ஓட்டிக் காட்டி, லைசென்ஸும் கைக்கு வந்துது. நடுநடுவுல அவரும் ஏறி ஓட்டிப் பாப்பாரு. நேரா நல்லாப் போவாரு, திருப்பம் வந்தா உடம்பு சாஞ்சிடும். நாக்கக் கடிச்சுகினு எறங்கி என்கிட்ட குடுத்துடுவாரு. ஆனா டீக்கட வரைக்கும் நடந்து போக ஆரம்பிச்சாரு. உப்பப் பத்தி பேச்சே எடுக்கல. எனக்கு அதுவே போதும்னு இருந்துது.

ஆனா ஒண்ணு பாக்கி இருந்துது. எங்க பக்கத்துல எந்த வண்டி எடுத்தாலும் மலைக்கு ஓட்டிகினு போயி முருகன் சந்நிதியில பூசை போடாம ஊரத் தாண்ட மாட்டோம். மலைக்கு மொதல்ல யாரு ஓட்டிகினு போறாங்களோ, வண்டி அவங்களுக்குத்தான் வசப்படும்னு ஒரு பேச்சும் உண்டு. நான் ஓட்டறேன் அண்ணான்னு அந்த மெக்கானிக் சொன்னப்போ, வேணாம்பா, நானே போறேன்னு இவரு சொல்லிட்டாரு. அதனால நான் வாயத் தொறக்கல. லைசென்ஸ அரிசி டின்னுக்குப் பின்னால வெச்சுட்டு என் வேலையப் பாத்தேன். அவரும் தெனம் திடலுக்குப் போனாரு, தெனமும் சாஞ்சாரு.

ஒரு நாளு டீ குடிச்சுகினு இருக்கறப்போ கோப்பையப் பாத்துகினே சொன்னாரு. "புதங்கெழமை மலையில கூட்டம் இருக்காது. நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"நெசமாவா பாவா?"

"ஆங்."

அவரு மொகத்த நான் பாக்கல. பாத்திருந்தா ரெண்டு பேருமே அழுதிருப்போம்.

புதங்கெழமை காலையில அடிவாரத்துலேர்ந்து ஏத்தினேன். மொதத் திருப்பம் வந்துது, ஹேண்டில ஒடிச்சேன், உள்பக்க சக்கரம் லேசா தூக்கினாப்புல இருந்துது. அதே நேரத்துல பின்னால இவரு உடம்பு தானா உள்பக்கம் சாஞ்சுது. சக்கரம் தரையில உக்காந்துது. அடுத்த திருப்பத்துலயும் சாஞ்சாரு, அடுத்ததுலயும். முன்சீட்டுல பொதருல கொண்டு போயி விட்ட அந்தப் பழக்கம் பின்சீட்டுல வண்டியத் தாங்கிச்சு. நான் திருப்பினேன், அவரு சாஞ்சாரு. எதுருல பஸ்ஸு வந்துது, கொரங்கு குறுக்க வந்துது, நாங்க பாட்டுக்கு ஏறினு இருந்தோம். முருகா, இது போதும்டா சாமின்னு உள்ளுக்குள்ள சொல்லிகினே ஓட்டினேன்.

மேல நிறுத்தினதும் இவரு எறங்கி இடுப்பத் தேச்சுகினாரு. "இன்னா இது, இந்தப் பின்சீட்டு கல்லாட்டம் இருக்குதே. இத்தினி வருஷம் நீ ஒரு வாட்டி கூட சொல்லலியே?"

"சொன்னேன். காத்துல உங்களுக்குக் கேக்கல."

சிரிச்சாரு. பம்ப்செட்டுப் படியில விழுந்ததுலேர்ந்து அந்தச் சிரிப்ப நான் பாக்கல.

எலுமிச்சம்பழம் விக்கற அம்மா வண்டியப் பாத்துட்டு ரெண்டு பழம் எடுத்து வெச்சாங்க, பின்னால எட்டிப் பாத்துட்டு இன்னொண்ணும் சேத்தாங்க. சக்கரத்துக்கு ஒண்ணா அடியில வெச்சோம். வண்டி பூசை போடற ஐயரு மால போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னால வழக்கம்போல பாவா பக்கம் திரும்பினாரு. "வண்டி யாருது? பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

எங்க வூட்டுல எதுக்கும் அர்ச்சன அவரு பேருலதான். நான் கை கூப்பிகினு கண்ண மூடிட்டேன்.

பாவா என் பேரச் சொன்னாரு.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன் என்ன பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. "இந்தா"ம்பாரு, இல்லன்னா தொண்டையக் கனைப்பாரு. என் பேரு அவரு வாயில எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. சத்தமா, முழுசா, நிறுத்தி சொன்னாரு. "பூரட்டாதி"ன்னு என் நட்சத்திரத்தையும் சொன்னாரு. அது அவருக்கு ஞாபகம் இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல.

ஐயரு அர்ச்சனத் தட்ட என் கையில குடுத்தாரு. ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம, அத்தினி பேரு பாக்க, நான் நின்னு அழுதேன்.