பெட்டிக்குள் என் தொண்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்துவிட்டு சாவு வீடுகளில் கானா பாடுகிறவன் நான். பிணத்தை எடுக்கும்வரை பாடினால் கிடைப்பதில்தான் வீட்டு வாடகை. போனில் கேட்கிற டிஜிட்டல் ரேடியோ ஒன்று என்னைக் கூப்பிட்டு, என் சொந்தப் பாட்டைப் பதிவு செய்து ஒலிபரப்பியது. போடும்போதெல்லாம் ராயல்டி உண்டு என்றார்கள். வந்தது, டீ செலவுக்கு. கேட்கிறவன் ரெகார்டு செய்துகொண்டால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அதை எவன் கணக்குப் பார்ப்பது என்று சிரித்தார்கள்.

பிறகு சாவு வீடுகளில் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. காரணம் கவரைப்பேட்டையில் தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தெருவுக்குள்ளிருந்து என் குரல் வந்தது. போய்ப் பார்த்தால் பந்தல், ஐஸ் பெட்டியில் பிணம், பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி. ரேடியோவின் சோப்பு விளம்பரத்தைக்கூட வெட்டாமல் ஓடவிட்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டுடா போட்ட?" என்றேன் சவுண்டு சர்வீஸ்காரனிடம்.

"ரேடியோல வந்துச்சு, புடிச்சு வச்சுக்கினேன். உனுக்கு இன்னா?"

"அது என் தொண்டைடா."

"அப்போ ஊட்ல பூட்டி வச்சிருக்கணும்."

விட்டேன் ஒரு அறை. அவன் உதடு கிழிந்தது. ஸ்பீக்கரைத் தூக்கித் தரையில் அடித்து, ஊமையாகும்வரை மிதித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வருஷத்தில் வேறு இல்லை.

செத்தவரின் தம்பிகள் பாடைக்கு வெட்டி வைத்திருந்த மூங்கிலோடு வந்தார்கள். முதுகு, முழங்கால், கடைசியில் வாய். முன்பல் மண்ணில் விழுந்ததை நானே பார்த்தேன். சாவு வீட்டில் கலாட்டா செய்தவனை அடித்தது நியாயம்தான். ஆனாலும் அவர்களைக் கொல்ல வேண்டும்போல இருந்தது.

"உடுங்க அவர" என்றாள் செத்தவரின் மனைவி. "இந்தப் பாட்டத்தான் எங்க ஊட்டுக்காரரு தெனம் கேட்டுக்கினு இருந்தாரு. சாவுக்கும் இதத்தான் போடச் சொன்னாரு." என் பக்கம் திரும்பினாள். "பொட்டிய ஒடச்சது நீதானே. நீயே பாடுண்ணா."

ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பாடினேன். பல் போன சந்தில் காற்று ஓடியது. இருந்தும் அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெட்டி பாடியபோது பேசிக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடியது. எனக்குக் கர்வம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். என் பல்லை உடைத்தவன் ஒரு கையில் மூங்கிலோடு, மறு கையில் போனைத் தூக்கிப் பிடித்து ரெகார்டு செய்துகொண்டிருந்தான். கிழிந்த உதட்டைத் துண்டால் அழுத்தியபடி சவுண்டு சர்வீஸ்காரன் அவன் காதருகே குனிந்தான்.

"எனுக்கும் அனுப்பு" என்றான்.