சொரிமுத்து தொகுத்த நாற்பது நூல் குறிப்புகள்

பஞ்சு சொரிமுத்துவுக்கு எண்பது ரூபாய் தரவேண்டியிருந்தது. புத்தகம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் வீதம் நாற்பது புத்தகத்துக்கு. அறுபத்து நான்காம் வருஷத்து எண்பது ரூபாய், நினைவிருக்கட்டும். அதை நம்பித்தான் சொரிமுத்து பம்பாய் சுனாபட்டியில் ஓர் அறைக்குப் பேசி வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் முன்பணம் போகாவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் மனைவி பேராச்சி தாராவிக் குடிசையில் பாதிப் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள்.

சொரிமுத்து சாதாரண ஆளில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மூன்றாம் வகுப்போடு ரயிலேறியவர். தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று கால் வெந்து, தள்ளுவண்டியில் பழைய பேப்பர் பொறுக்கி, கடைசியில் சொந்தத் தராசோடு கடையே போட்டுவிட்டார். பம்பாயில் அதை ரத்திக் கடை என்பார்கள். எம்.ஏ. படித்தவன் ஒரு மாதத்தில் பார்க்கிற காசை அவர் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் பார்த்துவிடுவார். படிப்பு என்ன விலைக்குப் போகும் என்று கிலோக் கணக்கில் தெரிந்த மனிதர்.

பஞ்சு மாதுங்காப் பையன். அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸ் உத்தியோகம். பிள்ளைக்கு பம்பாய்த் தமிழர்கள் எழுதிய நூல்களைப் பற்றி ஆராய்ச்சி. வீட்டில் தமிழ் பேசுவான். படிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகத் தடவுவான். அவனுடைய பேராசிரியருக்கோ தமிழே தெரியாது. இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் தமிழ் நூல்களை ஆராய்ந்தார்கள். முதலில் ஒரு பட்டியல் வேண்டும் என்றார் பேராசிரியர். நூலின் பெயர், எழுதியவர், வருஷம், அடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு வரிக் குறிப்பு. பஞ்சு நேரே ரத்திக் கடைக்கு வந்து அந்த வேலையைச் சொரிமுத்து தலையில் கட்டினான்.

சொரிமுத்து தயங்கவே இல்லை. தன் கடைக்கு வருகிற தமிழ்ப் புத்தகம் எல்லாமே பம்பாய்த் தமிழர் வீட்டுச் சரக்குதான் என்றார். அதில் பொய் ஏதும் இல்லையே.

ஒரே ஒரு சிக்கல். ரத்திக் கடையில் புத்தகம் வந்ததும் முதல் வேலை அட்டையைக் கிழிப்பது. அட்டை பைண்டருக்கு, தாள் கடலைக் கடைக்கு. இரண்டுக்கும் வேறு விலை. அட்டையோடு ஒட்டிக்கொண்டு முதல் தாளும் போய்விடும். எழுதியவன் பெயரும் அதோடு சரி. அடுத்த தாளில் யாராவது மையால் அழகாகப் பெயர் எழுதித் தேதி போட்டிருப்பார்கள். சொரிமுத்து யோசித்தார். பீடிக் கட்டில் யார் பெயர் இருக்கிறது? செய்தவன் பெயர். சோடா பாட்டிலில்? அதுவும் செய்தவன் பெயர். அப்படியானால் புத்தகத்தில்?

இப்படி உதுமான், அய்யாத்துரை என்று பம்பாயில் பல நூலாசிரியர்கள் கிளம்பினார்கள். எல்லோரையும் மிஞ்சியது ‘வாலாம்பாள், மாதுங்கா’. சமையல், சோதிடம், குழந்தை வளர்ப்பு, பத்திய மருந்து என்று பதினான்கு நூல்கள். அந்தப் பதினான்கிலும் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு வேறு இருந்தது. சொரிமுத்து அதை அப்படியே எடுத்துப் போட்டார். குறிப்பு இல்லாத மற்ற நூல்களுக்குத் தானே எழுதினார்: ‘கெட்டித் தாள். எண்ணெய்ப் பலகாரம் தாங்கும்.’

பஞ்சு அதையெல்லாம் இங்கிலீஷாக்கிக் கொடுத்தான். பேராசிரியர் சொக்கிப்போனார். தாளின் தரத்தைக்கூட ஆராய்ந்திருக்கிறாயே என்று தட்டிக்கொடுத்தார். வாலாம்பாள் விஷயத்தில்தான் அவருக்குத் தூக்கமே போயிற்று. ‘இதில் சொன்ன உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது’, ‘இந்தக் கஷாயம் சுத்தப் புளுகு’ என்று தன் நூலைத் தானே கண்டிக்கிற ஆசிரியையை அவர் உலகத்திலேயே பார்த்ததில்லையாம். பெரிய சபையில் அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார். இனி அந்த அம்மாளைப் பேட்டி எடுத்து வா, அப்புறம் உன் ஆராய்ச்சியில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கையெழுத்து விழுந்த பிறகுதான் கூலி என்று பஞ்சு சொரிமுத்துவிடம் சொல்லிவிட்டான். சனிக்கிழமையும் வந்துவிட்டது.

ஆகவே சொரிமுத்துவும் கூடவே போனார். மாதுங்காவில் பெயரைச் சொல்லி விசாரித்ததில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடி என்றார்கள். கதவைத் திறந்த வாலாம்பாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் கரண்டி. வந்த விஷயத்தையும் சபையில் விழுந்த கைதட்டலையும் பஞ்சு பணிவோடு சொன்னான்.

“என் புஸ்தகமா? டோம்பிவிலியில பொண்ணாத்துக்குப் போயிருந்தப்போ எங்காத்து மனுஷர் எடைக்குப் போட்டுட்டாரே, அதுவா?”

“நீங்க எழுதினது மாமி.”

“பேரு எழுதினேன். ஓரத்துல பென்சிலால எழுதினேன். மிச்சமெல்லாம் எவனோ எழுதினது. அவன் எழுதினது தப்புன்னுதானே நான் எழுதினதே.”

பஞ்சு சொரிமுத்துவிடம் திரும்பி, இதற்கா எண்பது ரூபாய், பைசா கிடையாது என்றான். சொரிமுத்து குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, நாப்பது பொஸ்தகம் கேட்டிய, நாப்பது தந்தேன். பேரு கேட்டிய, இருந்த பேரத் தந்தேன். நாலு வரி கேட்டிய, அதுவும் ஆச்சி. ஒரு பொஸ்தகத்தையாவது வாசிச்சுப் பாத்தியளா?”

பஞ்சு வாசித்திருக்கவில்லை. பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னால் சபையில் வாங்கிய கைதட்டலை அவர் யாரிடம் திருப்பிக் கொடுப்பார்? பஞ்சுவின் பட்டம்தான் போகும். சொல்லாவிட்டால் பேட்டிக்கு எங்கே போவது? அவன் நின்ற நிலையைப் பார்த்து வாலாம்பாள் பட்டியலில் தன் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்கக் கேட்கக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் அவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கியதில்லை. இங்கே இங்கிலீஷில் ஒரு சபையே கேட்டிருக்கிறது.

“வாத்தியாரை வரச்சொல்லு. காப்பி தரேன். எழுதினேன்னும் சொல்ல மாட்டேன், எழுதலேன்னும் சொல்ல மாட்டேன். புஸ்தகத்துல எங்கே தப்புன்னு கேட்டா நாள் பூரா சொல்லுவேன். ஆனா என் பதினாலும் ஆத்துக்குத் திரும்பி வரணும்.”

பஞ்சு தலையை ஆட்டினான்.

“அதுக்கு முன்னாடி இவருக்குச் சேர வேண்டியதைக் கொடு. கூலி வராத மனுஷன் வாயை மூடிண்டா இருப்பார்?”

இந்த அம்மாள் கடை வைத்திருந்தால் மாதுங்காவையே வாங்கியிருப்பாள் என்று சொரிமுத்து மனதுக்குள் கணக்குப் போட்டார். வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார்.

பஞ்சு சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தான். காலேஜ் பீஸுக்கு அப்பா கொடுத்தது. பத்துப் பத்தாக வைத்தான். ஏழாவது நோட்டோடு நிறுத்தி, மீதியை அடுத்த மாதம் தருகிறேன் என்றான். விரிந்த கை விரிந்தபடியே இருந்தது. மாமியும் வாசலை விட்டு நகரவில்லை. பஞ்சு எட்டாவது நோட்டையும் எடுத்து வைத்தான்.