அமெரிக்கச் சம்பந்திகளும் எங்கள் அம்மாவும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அம்மா டீ செட் வாங்கிய கதை தெரியும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் அம்மாவைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அம்மா பிறந்தது மணப்பாறை. மாடும் கன்றுமாக இருந்த வீட்டின் கடைக்குட்டி. வாழ்க்கைப்பட்டது பொன்மலை ரயில்வே காலனியில். அண்ணனும் நானும் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார்கள். கருணை அடிப்படையில் கிடைத்த ரயில்வே வேலையை வைத்துக்கொண்டு அம்மா எங்களை ஆளாக்கினார்கள். ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்தார்கள். அத்தனை வருடமும் எங்களுக்குத் துணை நின்றவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சுக்கு அம்மா மறுபேச்சு பேசியது ஒரே விஷயத்தில்தான். அந்த விஷயம் அமெரிக்கா.

அண்ணன் அங்கே வேலைக்குப் போய் அந்த நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டார். "பொண்ணு நல்ல குணமாப்பா?" என்று அம்மா போனில் கேட்டதோடு சரி. மாமாவுக்குத்தான் மனம் ஆறவில்லை, அவர் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. "எங்க அண்ணன் வாயால என் மருமகளை இந்த வீட்டுக்காரின்னு ஒரு தடவை சொல்லிட்டாப் போதும்" என்பது அன்றிலிருந்து அம்மாவின் ஆசை.

அண்ணி முதல் முறை ஸ்ரீரங்கம் வந்தபோது நடந்ததுதான் டீ கூத்து. வெள்ளைக்காரர் வீட்டு வழக்கம் என்று அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பொன்மலையில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம்தான். சாயங்காலமானால் அங்கே பூப்போட்ட கோப்பையில் டீ, கூடவே கேக். அதை மனதில் வைத்துப் பாலக்கரைக்குப் போய் அதே மாதிரி ஒரு செட் வாங்கி வந்தார்கள். அண்ணி கோப்பையைக் கையில் எடுத்து அழகு பார்த்தார். பிறகு அண்ணனிடம் மெல்ல ஏதோ கேட்டார். டீ பழக்கமில்லையாம், பால் விடாத காபி, பெரிய டம்ளர் நிறைய வேண்டுமாம்.

"ஏன்டா, இவங்க வெள்ளைக்காரங்கதானே?"

"ஆமாம்மா. ஆனா இங்கிலாந்து இல்ல."

அந்தக் கோப்பைகளில் பிறகு நாங்கள் ரசம் குடித்தோம்.

இங்கிலாந்து வேறு, அமெரிக்கா வேறு என்பதை மாமா ஒப்புக்கொள்வாரா? "பேசறது இங்கிலீஷு. சட்டம், சர்ச்சு எல்லாம் அங்கேர்ந்து எடுத்துட்டுப் போனது. ஐரோப்பாக்காரன் கப்பல் ஏறி வேற வீட்டுக்குக் குடிபோனா, அதுதான் அமெரிக்கா. தனியா என்ன இருக்கு அவங்ககிட்ட?" என்றார். அண்ணியின் முன்னோர்கள் ஜெர்மனியிலிருந்து போனவர்கள் என்பது தெரிந்ததும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

அம்மா அண்ணியிடமே கேட்டார்கள், "ஜெர்மனிக்குப் போயிருக்கியாம்மா?"

ஒரு தடவை டூர் போனதாகவும், ஒருவரையும் தெரியாது, எல்லாமே புதிதாக இருந்தது என்றும் அண்ணி சொன்னதை அண்ணன் தமிழில் சொன்னார்.

அம்மா விடவில்லை. "கேட்டீங்களா அண்ணே? டூர் போற இடம் எப்படிங்க சொந்த ஊராகும்? நானும் பேச்சு, சமையல் எல்லாம் மணப்பாறையிலேர்ந்துதான் கொண்டாந்தேன். அதுக்காக இது என் வீடு இல்லையா? ரங்கநாதரு வருசா வருசம் கொள்ளிடத்துல தங்கச்சி மாரியம்மனுக்குச் சீர் குடுக்கறாரு. அதனால சமயபுரத்தா ஸ்ரீரங்கத்துக்காரி ஆயிருவாளா?"

மாமா அன்று சாப்பிடாமல் போய்விட்டார். மறுநாள் காலையில் புதுக் காரணங்களோடு வந்தார்.

அண்ணனுக்குப் பெண் பிறந்தது. சமயபுரத்தில் காதுகுத்து வைத்தோம். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். "அவங்களுக்கு அந்த முறையெல்லாம் ஏது? எல்லாருமே அங்கிள்தான். நானே உட்கார்ந்துக்கறேன்" என்றார் மாமா. அம்மா கும்பிட்டுச் சொன்னார்கள்: "என் பேத்தி ஒரு பக்கம் இல்லாத புள்ளையா வளரக்கூடாதுங்கண்ணே. அவளுக்கு மாமன் இருக்கான்." அண்ணியின் தம்பிக்கு டிக்கெட் போடச் சொல்லி அண்ணனை நச்சரித்து வரவழைத்தார்கள்.

வேட்டி நழுவாமல் இருக்க மேலே பெல்ட் கட்டிக்கொண்டு அவர் மணையில் உட்கார்ந்தார். தேங்காய், பழம், வளையல் எல்லாம் நாங்கள் வாங்கி வைத்த சீர். தட்டின் நடுவே அவராக ஒன்றை எடுத்து வைத்தார். தேய்ந்துபோன தோல் கையுறை.

"கிரிக்கெட்ல கீப்பர் போடறதா?" என்றார் மாமா.

அது பேஸ்பால் கையுறையாம். அவர்கள் ஊரில் பந்து பிடிக்கச் சொல்லித்தருவது பிள்ளைக்குப் பெரியவர்கள் செய்யும் கடமை மாதிரியாம். இது அவருடைய அப்பா போட்டு விளையாடியது. அப்பா இல்லாததால், மாமன் முறையில் தான் கொண்டுவந்ததாகச் சொன்னார்.

"உங்க பாட்டன் ஜெர்மனியிலேர்ந்து கொண்டாந்ததா?" மாமா ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார். அண்ணியின் தம்பி சிரித்தார். பாட்டனாருக்கு இந்த ஆட்டமே தெரியாதாம். வந்த இடத்தில், இத்தாலிக்காரரும் போலந்துக்காரருமாக இருந்த தெருவில் சேர்ந்து ஆடிக் கற்றுக்கொண்டாராம்.

மாமா கொஞ்ச நேரம் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்கு வந்த மாலையைக் கழற்றி அந்த இளைஞர் கழுத்தில் போட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதார்கள். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில், "ஆட்டம் ஒண்ணுதான் அவங்களது" என்று மாமா ஆரம்பித்துவிட்டார். அம்மா காத்திருந்த அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

சிறுநீரகக் கோளாறால் அம்மா படுத்தபோது அண்ணி லீவு போட்டுக் குழந்தையோடு வந்து கடைசிவரை கூடவே இருந்தார். கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார். ஒரு காலை நேரத்தில் அம்மா அமைதியாகக் கண்மூடினார்கள்.

நேரம் பார்க்காமல் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், எங்களுக்காக அடுப்பு மூட்டிய பக்கத்து வீட்டாருக்கும், பொன்மலையிலிருந்து ஓடிவந்த அம்மாவின் அலுவலகத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். தாய்மாமன் தந்த கையுறையை மாட்டிக்கொண்டு ஆண்டுத் திதிக்கு வந்த இடத்தில் எங்கள் தெருவில் இப்போது பந்து பிடிக்கும் பேத்தியைத் திட்டாத தெருக்காரர்களுக்கும்தான்.

மாமாவுக்கு நன்றி சொல்ல, அம்மா கண்மூடிய அந்த நாளையே சொல்ல வேண்டும். மணப்பாறையிலிருந்து கோடிப் புடவையோடு வந்தார். பிறந்த வீட்டின் கடைசிச் சீர் அது. மருமகள் வாங்கிப் போர்த்த வேண்டும். "அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் என்ன தெரியும், நம்மாளுங்க யாராவது போர்த்துங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அண்ணி ஓரமாக நகர்ந்தார். மாமா யாரிடமும் புடவையைக் கொடுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அண்ணியின் கையில் வைத்தார்.

"நீ வாம்மா. இது பொறந்த வீட்டுப் புடவை. இதை வாங்கிப் போர்த்த வேண்டியவ இந்த வீட்டுக்காரி. அது நீதான்."

அம்மா கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. பக்கத்திலேயேதான் படுத்திருந்தார்கள். கேட்டிருப்பார்கள் என்றே நாங்கள் நம்புகிறோம்.