அரை நிமிட வேலைக்கு ஐந்து வாரம்

மகன் பிறந்த நான்காம் நாளே எனக்குச் சந்தேகம் வந்தது. பால் குடிக்கும்போது அவன் வாயிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு இழுப்பு இழுப்பான், பிடி நழுவும், வீறிட்டு அழுவான். ஒரு தடவை கொடுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முடித்து அரை மணி நேரத்தில் மீண்டும் பசி. என் மார்புக் காம்புகள் வெடித்து ரவிக்கையில் இரத்தம் ஒட்டியது.

அது எண்பதுகளின் கடைசி. எல்கடுவ மலையில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. கணவர் தியாகுவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் மருந்துக்காரர் பிள்ளையின் வாயைப் பார்க்கவே இல்லை. “பால் பத்தலம்மா, பால்மா கரைச்சுக் குடுங்க” என்றார். பால் கட்டி, சேலை நனைந்துபோய் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத்தான் பால் பத்தவில்லையாம்.

தியாகுவின் அக்கா ராணி மதினி வசம்பைச் சுட்டு எடுத்துவந்தார். “இத நாக்குல தேச்சா குடிப்பான். நீ ஒழுங்கா உக்காந்து குடுக்கிறதில்ல, புள்ள என்ன செய்யும்?” தேய்த்ததும் பிள்ளை வாந்தி எடுத்தான். அதற்கும் நான்தான் காரணம்.

மிட்வைஃப் நோனா பிள்ளையைப் பிடிக்கும் முறையை மாற்றிக் காட்டினார். அதைக் குறை சொல்ல மாட்டேன், வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவன் நிறை ஏறவில்லை.

மூன்றாம் வாரம் அவன் அழுதபோது நானே குனிந்து வாய்க்குள் பார்த்தேன். நாக்கின் நுனி நடுவில் உள்ளிழுபட்டு, வெற்றிலையின் காம்புப் பக்கம் போலப் பள்ளமாக இருந்தது. நாக்கு ஈறைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

மாத்தளை டவுனில் ஒரு டொக்டரிடம் காட்டினோம்.

“நாக்குக் கட்டு. பேச்சு வர்ற வயசுல பாத்துக்கலாம்” என்றார்.

“அதுவரைக்கும் புள்ள எதக் குடிக்கிறது டொக்டர்?”

“பால்மா இருக்குத்தானே.”

அடுத்த வாரமே அரசாங்கத்தை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்கள் கடைகளைப் பூட்டச் சொல்லி, பஸ் ஓடக்கூடாதென்று போஸ்டர் ஒட்டினார்கள். பால்மாவும் இல்லை, டவுனுக்குப் போக வழியும் இல்லை. அந்தப் பத்து நாளும் பாலைக் கையால் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய கோப்பையில் பிடித்து, கரண்டியால் ஊட்டினேன். இதே நிலையில் இருக்கும் தாய்மார் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பிள்ளையும் பிழைத்தான், எனக்குப் பாலும் வற்றவில்லை.

மறுபடி பஸ் ஓடிய முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கு ஐந்து வாரம். பிறந்தபோது இருந்த நிறைதான் அப்போதும்.

அங்கிருந்த இளம் பெண் டொக்டர் கையைக் கழுவிவிட்டு, நாக்கின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். ஐந்து வாரத்தில் அதைச் செய்த முதல் ஆள். சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். நாக்கை வாயின் அடித்தளத்தோடு இணைக்கும் சவ்வு (மெல்லிய தோல் மடிப்பு) இவனுக்குக் கட்டையாக இருக்கிறது. நாக்குக் கட்டு என்றால் எல்லோருக்கும் வெட்டத் தேவையில்லை. பிள்ளை நன்றாகக் குடித்து நிறை ஏறினால் விட்டுவிடலாம். சிலருக்குப் பிடிக்கும் முறையை மாற்றினாலே போதும். அப்படியும் சரிவராவிட்டால் சவ்வைக் கத்தரிக்கலாம். வளர்ந்த பிறகு என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும்.

தியாகு தயங்கினார். “வேணாமே டொக்டர், சின்னப் புள்ள…”

“அஞ்சு வாரமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க வெளிய போய் நில்லுங்க” என்றேன். டொக்டருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் என் குரல் புரிந்திருக்கும்.

நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றித் தலையைப் பிடித்துக்கொண்டார். முனை மழுங்கிய கத்தரிக்கோல். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மூன்று சொட்டு இரத்தம். உடனே மார்பில் போடச் சொன்னார்கள்.

அப்போதும் வலித்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. “நாக்க அசைக்கப் புள்ள இனித்தான் பழகணும்” என்றார் நர்ஸ். அவர் சொன்னபடி நான்கைந்து நாளில் அந்தச் சத்தம் நின்றது. வெட்டிய இடத்தில் வெள்ளைப் படலம் வந்தது. அது சீழ் அல்ல, புண் ஆறும் விதம். மாத முடிவில் பிள்ளையின் தொடையில் சதை மடிப்பு விழுந்தது.

“நான் அப்பவே சொன்னேனே, நாக்குலதான் கோளாறுன்னு” என்றார் ராணி மதினி. நான் பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் உறவு முறிந்திருக்கும்.

மூன்று வருடம் கழித்து மகள் பிறந்தாள். அவளுக்கும் அதே சவ்வு. இந்த முறை எல்லோரும், அந்த மருந்துக்காரர் உட்பட, “வெட்டிருங்க, வெட்டிருங்க” என்றார்கள். அவள் நன்றாகக் குடித்தாள், நிறையும் ஏறியது. நான் வெட்டவில்லை. சவ்வு இன்றும் அப்படியே இருக்கிறது. பேச்சிலும் ஒரு குறையும் இல்லை.

அவளுக்கு முதன்முதலாகப் பால் கொடுத்த நாளைச் சொல்ல வேண்டும். அவள் வாய் மார்பைத் தொடும் முன்பே என் தோள்கள் இறுகின, மூச்சு நின்றது. வலி வரவில்லை. கால் மணி நேரத்தில் குடித்து முடித்துத் தூங்கிப்போனாள். பால் கொடுப்பதென்றால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல்தான் வலிக்கும் என்று, தூங்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.