சங்கத்தின் கடிதமும் எங்கள் பிஸ்கட் டப்பாவும்

தொழில் சங்கம் என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "சங்கம்னு ஒண்ணு இருந்தா நல்லதுதானே?" என்பார் என் கணவர், சாதுவாக. அவர் மத்திய அரசு ஊழியர். மாற்றலில் கொல்கத்தா வந்தவர். சங்கம் என்றால் முட்டி மோதி அகவிலைப்படி வாங்கித் தருவது என்று நினைக்கிற ஆள். எங்களுடையது இணைய விளையாட்டு நிறுவனங்கள் சேர்ந்து வைத்த சங்கம், அது எனக்கு வாங்கித் தந்தது ஒரு துணிப்பையும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும்தான்.

நான் வேலை பார்த்தது ஒரு கணிப்புச் சந்தை நிறுவனத்தில். ஜாதவ்பூரில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. நாளைக்குக் கொல்கத்தாவில் மழை பெய்யுமா? ஆம் என்பதற்கு ஒரு விலை, இல்லை என்பதற்கு ஒரு விலை. ஜனங்கள் செயலியில் வாங்குவார்கள், விற்பார்கள், கடைசியில் சரியான பக்கத்தை வைத்திருப்பவருக்குப் பணம். அந்தக் கேள்விகளை எழுதுவது என் பிழைப்பு. இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். மழை என்றால் எவ்வளவு? லேக் கார்டன்ஸில் என் வீட்டு பால்கனியில் நாலு தூறல் விழுந்தால் மழையா? எத்தனை மணிக்குள்? யார் அளந்து சொன்னால் செல்லும்? 'நடந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?' இதற்குப் பதில் இல்லாத கேள்வி எங்களிடம் நேரே குப்பைக்கூடைக்குப் போகும்.

எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தவள் லேக் மார்க்கெட் பெண். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வங்காளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் வீட்டுக்குள் பேசுகிற அளவுக்கு. என்னை வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி 'திதி' என்றுதான் கூப்பிடுவாள், அப்பாவை 'பாபா' என்பாள். கிரிக்கெட் கேள்விகள் அத்தனையும் அவள் கையால் எழுதியவை, ஒன்றில்கூடத் தகராறு வந்ததில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

அலுவலகத்தில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. வாரம் ஒரு கேள்வி. 'மேனேஜர் இந்த வாரமாவது நேரத்துக்கு வருவாரா' என்கிற தரத்தில் இருக்கும். சீட்டில் ஆம் அல்லது இல்லை, கீழே பெயர். எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். விடை தெரிந்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். தோற்றவர்கள் லேக் மார்க்கெட்டிலிருந்து எல்லோருக்கும் வடை வாங்கி வர வேண்டும்.

அப்படி இருந்தபோதுதான் புதுச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை. அதில் நாங்களும் அடக்கமா? யாருக்கும் தெரியவில்லை. அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதச் சங்கம் ஒரு குழு போட்டது. "நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்று மேனேஜர் என்னை அதில் தள்ளிவிட்டார்.

அட ராமா, அந்தக் கூட்டங்கள்! எல்லாம் வீடியோவில். முதல் கூட்டம் முழுக்கச் சங்கத்தின் லோகோவில் நீலம் இருக்கலாமா, காவி கலக்கலாமா என்ற விவாதம். இரண்டாவது, ஆண்டு விழா விருந்துக்கு எந்த ஹோட்டல். மூன்றாவதில்தான் கடிதம் வந்தது. சங்கத்தில் ரம்மிக்காரர்கள் இருந்தார்கள், கற்பனைக் கிரிக்கெட் அணி நடத்துபவர்கள் இருந்தார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக எங்களைப் போல நாலு கணிப்புச் சந்தைகளும் இருந்தன. ரம்மிக்காரர் சொன்னார்: "எங்களுடையது திறமை. இவர்களுடையதைத்தான் சூதாட்டம் என்பார்கள், இவர்களோடு சேர்த்து எங்களை எழுதாதீர்கள்." கிரிக்கெட்காரரும் அச்சு அசலாக அதையே சொன்னார். யார் மனமும் புண்படக் கூடாதென்று தலைவர் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது இதுதான்: 'பொறுப்பான வளர்ச்சிக்காக அரசுடன் தொடர்ந்து கைகோத்துச் செயல்பட விழைகிறோம்.'

"இதில் நாம் என்னதான் கேட்கிறோம்?" என்றேன்.

"மேடம், டோன் முக்கியம்" என்றார் தலைவர்.

"கேட்டது கிடைத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?"

"மேடம், நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்." நான் மியூட்டிலேயே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன், அது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், ஒரு தடவை உதவியிருக்கிறார்கள். யாரோ எங்கள் மேல் புகார் கொடுத்தபோது சங்கத்தின் வக்கீல் ஒரே நாளில் பதில் தயாரித்துக் கொடுத்தார். ஒரு நிறுவனத்தின் வம்பு என்றால் சங்கத்தால் முடிந்தது. எல்லோருக்கும் பொதுவான ஆபத்து என்றதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

மூன்றாவது கூட்டம் நடந்த வாரம்தான் எதிர் நாற்காலிப் பெண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. கணக்கு டீச்சர் வேலை, நிரந்தரம், வீட்டிலிருந்து நடந்தே போகலாம். சம்பளம் கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"திதி, நான் என்ன பண்ணட்டும்? பாபா என்னைத்தான் நம்பியிருக்கார். இங்க கம்பெனி நிக்குமா? நீங்க கமிட்டில இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்கு அவளை விட மனமில்லை. அவள் போனால் கிரிக்கெட் கேள்விகள் அத்தனையும் என் தலையில் விழும். அதுதான் காரணம், வேறு பூசி மெழுக ஒன்றுமில்லை. "போகாதேடி. சங்கம் இருக்கு, இவ்வளவு பெரிய ஆளுங்க இருக்காங்க, விட்டுடுவாங்களா? கடிதம் போகும். தைரியமா இரு" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என் எதிரிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வங்காளத்தில் மரியாதையாக, வரவில்லை என்று சொன்னாள்.

அன்று சாயங்காலம் டப்பாவுக்கு அந்த வாரக் கேள்வியை எழுதியவளும் அவள்தான். 'மசோதாவை நாடாளுமன்றத்தில் வைப்பதற்குள் சங்கத்தின் கடிதம் அமைச்சகத்தில் சேருமா? ஆதாரம்: அமைச்சகத்தின் பெறுகை முத்திரை.' நாள், நிபந்தனை, சாட்சி எல்லாம் கச்சிதம். சீட்டைக் கையில் எடுத்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எழுதினேன், பெயரைப் போட்டேன், மடித்து உள்ளே போட்டேன், பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மசோதா வந்த வேகத்தில் நிறைவேறியும் விட்டது. செயலியை மூடச் சொல்லி மேனேஜருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். எங்கள் எல்லோருக்கும் அந்த வாரத்தோடு கணக்குத் தீர்ந்தது. மறுநாள் காலை சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஏதோ நல்ல செய்தி என்று அடித்துப் பிடித்துத் திறந்தேன். 'கடிதத்தின் ஏழாவது வரைவு இணைக்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்கவும்.' வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன், வெட்கமில்லாமல், எல்லோர் காதிலும் விழும்படி. "சங்கமாம் சங்கம்! இதுங்களை நம்பினோம் பாரு, நம்மளைச் சொல்லணும்!"

அவள் பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். விடை தெரிந்துவிட்டதல்லவா, திறக்க வேண்டியதுதானே. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள். இல்லை. இல்லை. இல்லை. மேனேஜர் சீட்டில்கூட 'இல்லை'. அவளுடையது மட்டும் ஆம். கடைசியில் இருந்த ஒரு சீட்டைப் பிரித்தவள் வாசிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"திதி, இது உங்க கையெழுத்துதானே?"

திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். அவள் சீட்டுகளை அடுக்கி மறுபடி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பி வரும்போது கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம். லேக் மார்க்கெட் வரைக்கும் போய் வந்திருக்கிறாள். எல்லோர் தட்டிலும் இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டே வந்தாள், மேலே சட்னி. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று யாரிடமோ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலேயே போன் செய்து கேட்டிருக்கிறாள். என் முறை வந்ததும் தட்டைக் கையால் மூடினேன்.

அவள் என் கையை மெதுவாக நகர்த்திவிட்டு இரண்டு வடைகளை வைத்தாள்.

"சாப்பிடுங்க திதி. நீங்க ஜெயிச்சிட்டீங்க."