உமிக் கரி விளக்கு

தஞ்சாவூரில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்தான் வருவார். பேசிக்கொண்டே பைக் சாவியால் காது குடைவார். நுனியில் வந்ததை உற்றுப் பார்த்துவிட்டு என் மேஜை விளிம்பில் துடைப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் ரைஸ்மில் உமியைக் கரியாக்கி, மின்சாரத்தைச் சேமிக்கும் செல்லுக்கு மின்முனை செய்வது என் வேலை. காரக் கரைசலில் ஊறிய கரியைக் கழுவிக் கழுவி விரல் தோல் உரிந்தது. ஆனாலும் அந்தச் செல்லில் ஒரு சின்ன விளக்குகூட ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

நிதி கொடுத்தவர்கள் பார்வையிட வந்த அன்று மட்டும் விளக்கு அணையாமல் எரிந்தது.

"எல்லாம் டெல்டா விவசாயியோட உமி!" என்றார் பேராசிரியர். எல்லாரும் கைதட்டினார்கள். கடையில் வாங்கிய கரியின் பாட்டில் குப்பைக் கூடையில் காலியாகக் கிடந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அவர்கள் போனதும் கேட்டேன். "நம்ம உமிக் கரி எங்க சார்?"

"கட்டுரைத் தலைப்புல இருக்கேம்மா," என்று சிரித்தார். "உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, வேணாமா?"

மேஜை விளிம்பை அழுத்தித் துடைத்தேன். ஆனாலும் கட்டுரையில் என் பெயரைப் போடச் சம்மதித்தேன்.

பட்டம் வாங்கி ஊருக்குப் போனபோது மில்காரர் என்னைப் பார்த்து ஓடிவந்தார். "நம்ம உமியில வெளக்கு எரிஞ்சுதாமே! இன்னும் வேணும்னா சொல்லும்மா, தனியா எடுத்து வைக்கிறேன்."

"சரிங்கண்ணே" என்றேன்.

அந்தப் பேராசிரியர்மேல் உள்ள அருவருப்பை அன்றிலிருந்து அவர்மேல் மட்டும் வைக்க முடியவில்லை.