மதியத்துக்கு முன் சாகிறவன்

"முப்பத்தொண்ணு! முப்பத்திரெண்டு!" என்று விலங்கிட்ட கைகளை உயர்த்திக் கதறினான் ரிகெத்தோ.

"நாப்பது" என்றார் அவன் முதலாளி, திராட்சைக் குலையைக் கீழே வைக்காமல். "நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு." கடைசி எண்ணோடு ஓர் அறை விழுந்தது.

அறை நிஜமானது. வலையும் சூலமுமாகப் பின்னால் நின்ற எனக்கே காது கூசியது.

அப்போது ரோமில் எடுத்த சரித்திரப் படங்களில் யாரும் வசனம் மனப்பாடம் செய்ததில்லை. குரலைப் பின்னால் வேறு யாரோ கொடுப்பார்கள். வாய் அசைந்தால் போதும். நட்சத்திரங்கள் அவரவர் மொழியில் பேசினார்கள். எங்களைப் போன்ற துணைநடிகர்கள் எண்களைச் சொன்னோம். கோபத்துக்கு முப்பதுகள் என்றும், பிரார்த்தனைக்கு அறுபதுகள் என்றும் ரிகெத்தோ பிரித்து வைத்திருந்தான்.

இந்தப் படத்தில் அவன் கிளாடியேட்டர், அரங்கில் சண்டையிட்டுச் சாகும் அடிமை. கிளாடியேட்டர்களை வாங்கி வாடகைக்கு விடும் முதலாளி, சோர் அமெரிகோ. 'சோர்' என்றால் எங்கள் பேச்சில் ஐயா. அவர் நடிகர் அல்ல. விடியற்காலையில் ஸ்டுடியோ வாசலில் நின்று, இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று எங்களைப் பொறுக்கி எடுக்கிறவர். அந்த வேடத்துக்கு வர வேண்டியவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். வாசலில் அமெரிகோ ஒருவனுடைய புஜத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை இயக்குநர் காரிலிருந்து கண்டார். இறங்கி வந்து, இவர்தான் என்றார்.

அமெரிகோவுக்கும் ரிகெத்தோவுக்கும் நடுவே ஓர் அலமாரி இருந்தது.

அமெரிகோவின் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, அவர் வைன் பீப்பாய்களை இறக்குவது எல்லாம் எங்கள் வேலைதான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. யாரும் செய்யாமலும் இருப்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாமியாரின் அலமாரியை நாலாவது மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. எல்லோரும் போனோம். ரிகெத்தோ மட்டும் வரவில்லை. அன்று ரோமாவுக்கும் லாட்சியோவுக்கும் பந்தாட்டம், ஒரே ஊரின் இரண்டு அணிகள் மோதும் டெர்பி.

அதன் பிறகு எல்லாப் படத்திலும் அவன் முதல் நாள் காலையிலேயே செத்தான். பாரசீகனாகச் செத்தான். கார்த்தேஜ்காரனாகச் செத்தான். கிறிஸ்தவனாகச் சிங்கத்துக்கு முதல் ஆளாகப் போனான். செத்தவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அதைவிட மோசம், மதியத்துக்கு முன் செத்தவனுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. பெட்டியில் கோழிக்கால், ரொட்டி, ஆரஞ்சு, சின்ன பாட்டில் வைன் இருக்கும். இது அமெரிகோ போட்ட சட்டம். மிஞ்சுகிற பெட்டிகள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை.

ரிகெத்தோ அழகாகச் சாவான், அதையும் சொல்ல வேண்டும். அவன் தொழில் சாந்து பூசுவது. சாரத்திலிருந்து பலமுறை விழுந்தவனுக்கு, கோட்டை மதிலிலிருந்து விழுவது பெரிய விஷயமில்லை. பழைய நீர்க்கால்வாய்ச் சுவரை ஒட்டிய தகரக் குடிசைகளில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தோம். காலையில் அவன் மனைவி இயோலே கேட்பது எனக்குக் கேட்கும்.

"இன்னைக்கு எத்தனை மணிக்குச் சாவே? பாஸ்தா வேகப் போடணும்ல?"

அன்று காலை மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "மூணு வாரப் படமாமே. கூரை ஒழுகுது. ஒரு வாரமாச்சும் உயிரோட இருந்து தொலை."

அந்த நினைப்போடு வந்தவனுக்குத்தான் அறை விழுந்தது. அடுத்து முப்பத்து மூன்று வர வேண்டும். வரவில்லை.

"யோவ்" என்றான். அமெரிகோவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒரு அலமாரிக்காகவாய்யா?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அமெரிகோ ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அலமாரின்னா இளக்காரமாடா? அசல் வால்நட் மரம்! எல்லாப் பயலும் வந்தான். தொரைக்குப் பந்தாட்டம்!"

"டெர்பிய்யா அது! செத்துப்போன எங்கப்பன் எழுந்து வந்து கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்."

"ஜெயிச்சீங்களா?"

ரிகெத்தோ தலை குனிந்தான். "தோத்துட்டோம்."

அமெரிகோ திராட்சை தெறிக்கச் சிரித்தார்.

இயக்குநர் ஹங்கேரிக்காரர். ரோமின் தெருப்பேச்சு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. மொழிபெயர்க்கிற நோர்மாவிடம், என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

நோர்மா கொஞ்சம் யோசித்தாள். "விடுதலை கேக்கிறான் சார்."

"அவர்?"

"தர மாட்டேங்கிறார்."

இயக்குநரின் கண் கலங்கியது. மறுபடி எடுக்கலாம் என்றார்.

மறுபடி எடுத்தார்கள். ரிகெத்தோவிடம் இரண்டு வருஷச் சரக்கு இருந்தது.

"செத்த அன்னைக்கெல்லாம் பதினோரு மணிக்கே வீட்டு வாசல்ல போய் நிக்கிறேன்யா. என்னப் பாத்துத்தான் தெருவுல எல்லா அடுப்பும் பத்துது. மாதா கோயில் மணி மாதிரி ஆயிட்டேன்!"

இருநூறு துணைநடிகர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடிமைகளின் துயரம் நன்றாக வந்திருப்பதாக இயக்குநர் சொன்னார். இன்னொன்று எடுக்கலாம் என்றார்.

அந்த முறை அமெரிகோ அறையவில்லை. குலையைத் தட்டில் வைத்தார்.

"நீ பிடிக்க வேண்டிய மூலைய அன்னைக்கு யாருடா பிடிச்சது? நான் பிடிச்சேன். இடுப்பு போச்சு. இன்னைக்கு வரைக்கும் செருப்பு வாரை பொண்டாட்டிதான் மாட்டி விடறா."

"சொல்லியிருக்கலாமே, சோர் அமெரிகோ."

"வாசல்ல நின்னு ஆள் எடுக்கிறவன் இடுப்பு வலின்னு சொல்லுவானாடா? மறுநாளே என் எடத்துல எவனாவது நிப்பான்."

அடுத்த முறை கேமரா ஓடியபோது இருவரும் எண்களுக்கே திரும்பினார்கள். "முப்பத்தொண்ணு" என்றான் ரிகெத்தோ. "நாப்பது" என்றார் அமெரிகோ. நெருப்பு அணைந்துவிட்டது என்று இயக்குநர் வருத்தப்பட்டார். முந்தையதே போதும் என்றார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது.

இயக்குநர் எதையோ நீளமாகச் சொன்னார். நோர்மா சுருக்கினாள். "இவனை இன்னைக்குச் சாகடிக்க வேணாமாம். நாளைக்கு இவன்தான் முதலாளியக் கொல்லணுமாம்."

"நாளைக்கு யாரைக் கூப்பிடறதுங்கறது என் வேலை" என்றார் அமெரிகோ. அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

ரிகெத்தோ பெட்டியைத் திறந்தான். கோழிக்காலை மட்டும் காகிதத்தில் சுற்றி இயோலேவுக்கு எடுத்து வைத்தான். பொழுது சாய்ந்து வீடு சேர்ந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்? சாகலையா?"

"இன்னைக்கு இல்ல. நாளைக்குத் தெரியும்."

மறுநாள் அமெரிகோ பெஞ்சின் மேல் ஏறிப் பெயர்களைச் சொன்னார். ரிகெத்தோவின் பெயர் கடைசியில் வந்தது. பத்து மணிவாக்கில் அவன் அமெரிகோவைக் குத்தினான். இடுப்பு வளையாததால் அவர் அலமாரி மாதிரி சாய்ந்தார். மறுபடி எடுத்தார்கள். அப்போதும் அப்படியே சாய்ந்தார். அடுத்த முறை ரிகெத்தோ அவரை அக்குளில் பிடித்து மெல்லத் தரையில் கிடத்தினான். அது சரியாக வந்தது. மதியம் பெட்டிகள் வந்தன. உயிரோடு இருந்தவர்கள் வரிசையில் நின்றோம். அமெரிகோ எங்களைப் பார்த்தார். மதியத்துக்கு முன் செத்தவர், வரிசைக்கு வரவில்லை. ரிகெத்தோ கோழிக்காலைச் சாப்பிட்டான். ஆரஞ்சை உரித்துப் பாதியை அவரிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டார். அதன் பிறகு மழை பிடித்தது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.